சிதம்பரத்தில் ஆறுமுக நாவலர்

யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822-ஆம் ஆண்டு தோன்றிய ஆறுமுக நாவலர், ஆங்கிலங் கற்றதும் ஆசிரியராய் அமர்ந்ததும் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலேயாம். அதன் தலைவராகிய பீட்டர் பார்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழாக்கிய காலை, உற்ற துணையாய் நின்றவர் சைவராகிய இவரே. பின்னர் அவ்வேலையைத் துறந்து, 1848-ல் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலை கண்டார்; மிஷனரிமார் கொள்கையை வன்மையாய் மறுத்தார். ஆயினும் பாடசாலை, அச்சுக்கூடம், பிரசங்கம் என அவர்பாற் கண்ட கருவிகளையே தாமுங் கைக்கொண்டார். மிஷன் கலாசாலையிற் பயிலும் நாம் இதனை எண்ணி மகிழ்தலிற் பிழையில்லை.

1864-ல் சிதம்பரத்திலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவ்வூரில் அவருக்கு அமைதி வாய்த்திலது. தில்லைத் தீட்சிதரோடு பிணங்கினார். இராமலிங்க சுவாமிகளின் பாடல்களை அருட்பாவென்றல் தகாதென வாதிட்டார். பூசல் முற்றி, 1869-ல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிஸ்தலத்தையும் எட்டிற்று. நாவலரது புலமையைப் போற்றும் நமக்கும் அக்கடுமை உவப்பன்று.

சுவாமிகள் 1874-லும் நாவலர் 1879-லும் மறைந்தனர். வடலூர்த் தருமசாலையிற் சுவாமிகள் 1867-ல் மூட்டுவித்த அடுப்பு இன்றும் அவியாது அன்னம் வழங்குகின்றது. நாவலர் பள்ளியும் அவர் பெயர் தாங்கிச் சிதம்பரத்தில் இன்றும் நடைபெறுகின்றது.