கில்பர்ட் சிலேட்டர்

கில்பர்ட் சிலேட்டர் (1864 – 1938) ஆங்கிலேயப் பொருளியலாளர் ஆவார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியர் இவரே. இவர் தொடங்கிய கிராம ஆய்வுகள், ஊர்களின் பொருளாதார நிலையைக் காலந்தோறும் ஒப்பிட உதவும் அடிப்படைத் தரவுகளாக விளங்குகின்றன.

வாழ்க்கை

சிலேட்டர் இங்கிலாந்தின் பிளைமவுத் நகரில் பிறந்தார். 1909 முதல் 1915 வரை ஆக்சுபோர்டிலுள்ள ரசுகின் கல்லூரியின் முதல்வராக இருந்தார். பொதுநிலங்கள் அடைக்கப்பட்டதால் ஆங்கில உழவர்கள் அடைந்த நிலை பற்றிய இவரது நூல் 1907 இல் வெளியானது. 1915 இல் சென்னைக்கு வந்து 1921 வரை பணியாற்றினார். திராவிடப் பண்பாடு குறித்து 1924 இல் ஒரு நூலை வெளியிட்டார்.

கிராம ஆய்வுகள்

1916 இல் மாணவர்களைக் கொண்டு, வினாப்பட்டியலின் வழியாகச் சிற்றூர்களின் நிலவுடைமை, பயிர், கூலி, கடன் ஆகியவற்றைப் பதிவு செய்வித்தார். இவை 1918 இல் நூலாயின. தமிழ்ப் பகுதியில் இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, வடமலைபுரம், கங்கைகொண்டான் ஆகிய ஊர்கள் ஆராயப்பட்டன. இவை 'சிலேட்டர் கிராமங்கள்' எனப்படுகின்றன.

மீளாய்வுகள்

பி. ஜே. தாமசு, கே. சி. இராமகிருட்டிணன் ஆகியோர் 1930களில் இவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்து 1940 இல் நூல் வெளியிட்டனர். இருவேல்பட்டு 1981, 2008 ஆகிய ஆண்டுகளிலும் ஆராயப்பட்டது.

புள்ளியியல் முக்கியத்துவம்

வட்டாரங்களின் பொருளாதார நிலை ஒன்றையொன்று நெருங்குவது 'குவிதல்' எனப்படும். இதனை அளக்கும் முறைகள் சிலேட்டரின் காலத்திற்குப் பின்னரே உருவாயின. அவற்றுள் இரண்டு முதன்மையானவை. தொடக்கத்தில் பின்தங்கியிருந்த வட்டாரம் மற்றவற்றைவிட விரைவாக வளர்ந்ததா என்று காண்பது ஒன்று. வட்டாரங்களுக்கிடையிலான வருமானப் பரவல் சுருங்கியதா என்று காண்பது மற்றொன்று. முதன்முறை வருமானம் தவறுதலாகக் குறைத்து அளக்கப்பட்டிருந்தால், அவ்வூர் விரைவாக வளர்ந்ததுபோலப் பொய்த்தோற்றம் எழும். ஆகவே முதல் முறை மட்டும் போதாது.

இவ்விரு முறைகளுக்கும் மாறாத எல்லையுடைய அலகுகள் தேவை. இருவேல்பட்டும், பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலமும் முன்பு தென் ஆற்காடு மாவட்டத்தில் இருந்தன. 1993 இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இருவேல்பட்டு விழுப்புரம் மாவட்டத்திலும் விருத்தாசலம் கடலூர் மாவட்டத்திலும் சேர்ந்தன. இதனால் மாவட்ட அளவிலான தரவுத்தொடர் அறுபடுகிறது. ஒரே ஊரை மீண்டும் மீண்டும் ஆராயும்போது இச்சிக்கல் பெரிதும் தவிர்க்கப்படுகிறது.

வரம்புகள்

இவ்வூர்கள் எண்ணிக்கையில் மிகச் சில. சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவையும் அல்ல. எனவே இவற்றின் சராசரியைத் தமிழகம் முழுமைக்கும் பொருத்த இயலாது. எனினும் நிலமும் கூலியும் எவ்வாறு மாறின, அம்மாற்றத்தால் பயனடைந்தவர் யார் என்பவற்றை ஒரு நூற்றாண்டளவில் தொடர்ந்து அறிய இவை உதவுகின்றன.