செம்பு பிழைத்தது, கப்பல் தோற்றது!
(சர் ஹம்ப்ரி டேவியின் வாழ்க்கைக் கதை)

ஹம்ப்ரி டேவி என்ற பெயரைக் கேட்டதும் நமக்கெல்லாம் பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் பார்த்த சுரங்க விளக்குதான் ஞாபகம் வரும். இன்னும் கொஞ்சம் படித்தவர்கள் சோடியம், பொட்டாசியத்தைக் கண்டுபிடித்தவர் என்பார்கள். ஆனால் அவர் வாழ்க்கையில் இன்னொரு அத்தியாயம் இருக்கிறது. கப்பலின் அடியில் அடித்த செப்புத் தகடு ஏன் கெட்டுப் போகிறது என்று கண்டுபிடிக்கப் போய், காரணத்தைச் சரியாகவே கண்டுபிடித்து, கடைசியில் ஊர் சிரிக்கத் தோற்றுப்போன அத்தியாயம் அது. பெயின்ட், பிரைமர், கால்வனைசிங் என்று நாளைக்கு ஏதோ ஒரு கம்பெனியில் மல்லுக்கட்டப் போகிற நமக்கு, அவர் ஜெயித்த கதையை விட இந்தத் தோற்ற கதைதான் அதிகம் உபயோகப்படும்.

மரச் சிற்பியின் மகன்

டேவி பிறந்தது 1778 டிசம்பர் 17-ல், இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் இருக்கும் பென்சான்ஸ் என்ற கடலோர ஊரில். அப்பா மரச் சிற்பி. பையனுக்குப் பதினாறு வயது முடிவதற்குள் அப்பா காலமாகிவிட்டார். வீட்டில் மூத்தவன் இவன்தான். குடும்பக் கஷ்டத்தில் 1795-ல் ஒரு உள்ளூர் வைத்தியரிடம் தொழில் பழகச் சேர்ந்தான். காலேஜ் படிப்பெல்லாம் கிடையாது. மருந்து அரைத்த நேரம் போக, கையில் கிடைத்த புத்தகத்தைப் படிப்பதும், கிடைத்த பாத்திரத்தில் பரிசோதனை செய்வதும்தான் அவன் படிப்பு.

1798-ல் பிரிஸ்டலில் வாயுக்களை வைத்து வைத்தியம் செய்யும் ஒரு நிலையத்தில் வேலை கிடைத்தது. அங்கே நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைத் தானே மூச்சில் இழுத்துப் பார்த்து ஆராய்ச்சி செய்தார். 1801-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இடம் கிடைத்தது. அப்போது வயது 22! அவர் சொற்பொழிவு என்றால் கூட்டம் அலை மோதுமாம்.

வோல்டா 1800-ல் உலகத்துக்குச் சொன்ன மின்கலம் அப்போது புதுசு. டேவி அதை விடவில்லை. மின்சாரமும் வேதிவினையும் தனித்தனி இல்லை, ஒன்றுக்கொன்று உறவு என்று அவர் மனதில் ஊன்றிவிட்டது. 1807-ல் உருக்கிய பொட்டாஷில் மின்சாரம் பாய்ச்சிப் பொட்டாசியத்தையும், சில நாட்களிலேயே சோடியத்தையும் பிரித்தார். 1808-ல் கால்சியம், மெக்னீசியம், பேரியம், ஸ்ட்ரான்ஷியம். 1810-ல் குளோரின் ஒரு தனிமம் என்று நிறுவினார். 1812-ல் சர் பட்டம். அதே வருஷம் ஒரு பரிசோதனை வெடித்துக் கண்ணில் காயம். அந்தச் சமயத்தில்தான் மைக்கேல் பாரடே என்ற புத்தகம் பைண்டு செய்யும் பையன் அவரிடம் வந்து சேர்ந்தான். 1813-ல் அவனை உதவியாளனாக எடுத்துக்கொண்டார். டேவியின் மிகப் பெரிய கண்டுபிடிப்பே பாரடேதான் என்று சொல்பவர்கள் உண்டு!

1812-ல் பெல்லிங் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 92 பேர் செத்துப்போனார்கள். இந்தக் கொடுமைக்கு வழி கேட்டு டேவியிடம் வந்தார்கள். 1815-ல் சுடரைச் சுற்றிச் சல்லடைக் கம்பி வலை போட்ட விளக்கைச் செய்து கொடுத்தார். வலை சூட்டை உறிஞ்சிவிடும், தீ வெளியே தாண்டாது. பேட்டன்ட் எடுக்காமல் எல்லோருக்கும் விட்டுக்கொடுத்தார். ஜார்ஜ் ஸ்டீபன்சனும் அதே சமயத்தில் ஒரு விளக்குச் செய்திருந்ததால் யார் முதல் என்று பெரிய சண்டை வந்தது தனிக் கதை. 1820-ல் ராயல் சொசைட்டியின் தலைவரே ஆகிவிட்டார். புகழின் உச்சி என்றால் அதுதான்.

கப்பலுக்கு ஏன் செம்புச் சட்டை?

இனிதான் நம்ம விஷயம். அந்தக் காலத்துப் போர்க்கப்பல் மரக்கப்பல். கடல் தண்ணீரில் மரத்துக்கு இரண்டு எதிரிகள். ஒன்று, மரத்தைக் குடைந்து சல்லடையாக்கும் கப்பல் புழு. இன்னொன்று, அடியில் வந்து ஒட்டிக்கொள்ளும் பாசியும் கொட்டலசும். கொட்டலசு என்பது சுண்ணாம்பு ஓட்டோடு பாறை மாதிரி பிடித்துக்கொள்ளும் ஜீவன். அது ஏறிவிட்டால் கப்பல் சொரசொரவென்று ஆகி வேகம் குறைந்துவிடும். போரில் வேகம் போனால் உயிர் போச்சு.

1761-ல் பிரிட்டிஷ் கடற்படை அலாரம் என்ற கப்பலுக்கு அடியில் செப்புத் தகடு அடித்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பிப் பார்த்தது. திரும்பி வந்ததும் 1763-ல் பிரித்துப் பார்த்தார்கள். புழு இல்லை, பாசி இல்லை. சந்தோஷம். ஆனால் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகளும் போல்ட்டுகளும் கரைந்து கூழாகியிருந்தன! அதிலும் ஒரு அதிசயம். சில இடத்தில் தகடு சுற்றி வந்த பழுப்புக் காகிதத்தை எடுக்காமல் அப்படியே அடித்திருந்தார்கள். அங்கே மட்டும் இரும்பு நன்றாக இருந்தது. செம்பும் இரும்பும் உப்புத் தண்ணீரில் தொட்டால் இரும்பு போய்விடும், நடுவில் ஒரு காகிதம் இருந்தால் பிழைக்கும். ஒரு பூச்சு எங்கே கெட்டது என்று மட்டும் பார்க்காமல், எங்கே கெடாமல் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் கிடையாது. ஏன் அப்படி என்ற விளக்கம் அப்போது யாருக்கும் தெரியாது. கால்வானியும் வோல்டாவும் இன்னும் வரவில்லையே!

அப்புறம் இரும்பு போல்ட்டுக்குப் பதில் செம்புக் கலவை போல்ட் போட்டுச் சமாளித்தார்கள். கடற்படை முழுக்கச் செம்புச் சட்டை போட்டுக்கொண்டது. ஆனால் செம்பும் நிலைக்கவில்லை. உப்புத் தண்ணீரில் பச்சை பச்சையாகக் கரைந்து மெலிந்துகொண்டே போனது. சில கப்பலில் சீக்கிரமே ஓட்டை விழுந்தது. மாற்றுவதற்கு ஏகப்பட்ட செலவு. சப்ளை செய்தவன் கலப்படச் செம்பு கொடுத்துவிட்டான் என்பதுதான் பொதுவான சந்தேகம். 1823-ல் இந்தப் பிரச்சினை ராயல் சொசைட்டிக்கு வந்தது. தலைவர் டேவி தானே கையில் எடுத்துக்கொண்டார்.

பட்டாணி அளவு துத்தநாகம்

முதலில் அவர் செய்தது, பழியைப் பொருள் மேல் போடாமல் இருந்தது. சுத்தமான செம்பும் கடல் தண்ணீரில் கரையத்தான் செய்கிறது என்று பார்த்தார். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன்தான் இதில் முக்கிய ஆள் என்று கண்டார். பிறகு தன் பழைய மின்வேதியியலுக்குப் போனார். கடல் தண்ணீரில் செம்பு கரைவது அதன் மின் நிலையைப் பொறுத்தது. அந்த நிலையைக் கொஞ்சம் எதிர்ப்பக்கமாகத் தள்ளிவிட்டால் கரைவது நின்றுவிட வேண்டும். எப்படித் தள்ளுவது? செம்பை விட எளிதில் கரையும் உலோகத்தை அதோடு தொட வைத்தால் போதும். அது கரையும், செம்பு பிழைக்கும்.

1824 ஜனவரி 22-ல் ராயல் சொசைட்டியில் இதைக் கட்டுரையாகப் படித்தார். பட்டாணி அளவு துத்தநாகம், 40, 50 சதுர அங்குலம் செம்பைக் காப்பாற்றப் போதுமானதாக இருந்தது! அப்புறம் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் அலை வந்து போகும் இடத்தில் தகடுகளை வாரக்கணக்கில் தொங்கவிட்டு, முன்னும் பின்னும் எடை போட்டுப் பார்த்தார்கள். காக்கும் உலோகத்தின் பரப்பு செம்பில் 40-ல் ஒரு பங்கிலிருந்து 150-ல் ஒரு பங்கு வரை இருந்தால் செம்புக்குச் சேதமே இல்லை. 200-ல் ஒரு பங்குக்குக் கீழே போனால் கொஞ்சம் கொஞ்சமாக எடை குறைந்தது. 1000-ல் ஒரு பங்கு வார்ப்பிரும்பு கூட ஓரளவு காப்பாற்றியது. நாம் இன்றைக்குக் கத்தோடிக் புரொடெக்ஷன் என்கிறோமே, அது பிறந்தது இங்கேதான்.

உடனே நிஜக் கப்பலில் பூட்டினார்கள். அப்படிப் பூட்டிய கப்பல்களில் ஒன்று சமராங். இது நம்ம கொச்சியில் தேக்கு மரத்தில் கட்டி 1822-ல் கடலில் இறக்கிய கப்பல்! செம்பில் 80-ல் ஒரு பங்கு வார்ப்பிரும்பைப் பூட்டி 1824-ல் நோவா ஸ்கோஷியாவுக்கு அனுப்பினார்கள். 1825 ஜனவரியில் திரும்பியது. செம்பு நன்றாகவே இருந்தது. டேவிக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி.

தராசு சொல்லாத விஷயம்

ஆனால் அடுத்தடுத்து வந்த கப்பல்கள் வேறு கதை சொன்னன. செம்பு பத்திரம். ஆனால் அதன் மேல் பாசியும் கொட்டலசும் அப்பிக்கொண்டு, கப்பல் நகரவே திணறியது! செம்புச் சட்டை எதற்காகப் போட்டார்களோ அந்த வேலையையே அது செய்யவில்லை. 1825-லேயே கடலில் ஓடும் கப்பல்களிலிருந்து காப்பு இரும்பைக் கழற்றச் சொல்லி உத்தரவு வந்தது. 1828-க்குள் இந்த முறை முழுதாகக் கைவிடப்பட்டது.

என்ன நடந்தது? செம்பு கரைகிறது என்பதை எல்லோரும் நோயாகப் பார்த்தார்கள். உண்மையில் அந்தக் கரைசல்தான் மருந்து. சிறிது சிறிதாகக் கரையும் செம்பு, ஒட்ட வரும் குஞ்சுகளுக்கும் பாசி வித்துக்கும் விஷம். செம்பு கரைவதை நிறுத்தியதும் விஷம் நின்றுபோனது. போதாததற்கு, காப்பு அதிகமானால் செம்பின் மேல் காரத்தன்மை ஏறி, கடல் தண்ணீரிலுள்ள சுண்ணாம்பும் மெக்னீசியாவும் வெள்ளையாகப் படிந்தன. அந்தச் சொரசொரப்பு கொட்டலசுக்குப் பாய் விரித்த மாதிரி ஆகிவிட்டது.

இந்த வெள்ளைப் படிவு டேவியின் கண்ணில் படாமல் இல்லை. இரும்பின் அளவைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று நம்பினார். கெட்டிக்காரர்தான், ஆனால் அவசரம். துறைமுகச் சோதனையில் அவர் தராசைக் கேட்ட கேள்வி, எவ்வளவு செம்பு போச்சு என்பதுதான். தராசு பொய் சொல்லவில்லை. ஆனால் கப்பல்காரனுடைய கேள்வி, எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பது. அதைத் தராசில் நிறுக்க முடியாது. வாரக்கணக்கில் தொங்கிய தகடு வேறு, மாதக்கணக்கில் நங்கூரம் போட்டு நின்று வெயில் கடலில் ஓடுகிற கப்பல் வேறு.

ராயல் சொசைட்டித் தலைவரே தோற்றார் என்றால் பத்திரிகைகள் சும்மா விடுமா? கேலி செய்து தீர்த்தார்கள். ஏற்கெனவே 1824 ஜனவரியில் தன் சிஷ்யன் பாரடே ராயல் சொசைட்டியில் சேருவதை டேவி எதிர்த்தும் பாரடே ஜெயித்திருந்தார். அந்தப் பாரடேதான் இந்தக் கப்பல் சோதனைகளிலும் கூட நின்று உதவினார் என்பதை நினைத்தால் மனசுக்கு ஒரு மாதிரி இருக்கிறது. 1826-ல் அம்மா இறந்தார். அந்த வருஷக் கடைசியில் டேவிக்குப் பக்கவாதம் வந்தது. 1827-ல் தலைவர் பதவியை விட்டார். ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுற்றி, மீன் பிடிப்பதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதி, 1829 மே 29-ல் ஜெனீவாவில் காலமானார். வயது 50. அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

தோற்றது எது? ஜெயித்தது எது?

நண்பர்களே, கதை இதோடு முடிந்திருந்தால் பரிதாபம். முடியவில்லை. மரக்கப்பல் போய் இரும்புக் கப்பல் வந்தது. இரும்பின் மேல் நேரே செம்பு அடித்தால் அலாரம் கப்பலின் ஆணி கதைதான் நடக்கும். அதனால் துருவைத் தடுக்க ஒரு பெயின்ட், அதன் மேல் பாசியைத் தடுக்க விஷம் கலந்த இன்னொரு பெயின்ட் என்று இரண்டு வேலையை இரண்டு கோட்டிங்குக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். அந்த இரண்டாவது பெயின்ட்டில் இன்றைக்கும் அதிகம் போடுவது செம்பு ஆக்சைடுதான். இடையில் வந்த டிரைபியூட்டைல் டின் கடல் சிப்பிகளையே கெடுத்ததால், 2008-ல் அமலுக்கு வந்த சர்வதேச ஒப்பந்தம் அதைத் தடை செய்தது. அங்கேயும் அதே பாடம்: விஷம் எவ்வளவு, எவ்வளவு வேகமாகக் கரைய வேண்டும் என்பதுதான் கணக்கு.

டேவியின் காப்பு முறையும் சாகவில்லை. 1928-ல் அமெரிக்காவில் ராபர்ட் கூன் மண்ணுக்குள் போகும் எரிவாயுக் குழாய்களுக்கு அதைப் பயன்படுத்திக் காட்டினார். இன்று கப்பல் அடியில் துத்தநாகக் கட்டி, பைப்லைன், கடலுக்குள் நிற்கும் எண்ணெய்க் கிணற்று மேடை எல்லாவற்றிலும் இருப்பது டேவியின் தத்துவம்தான். மேலே பெயின்ட், அது விட்டுப்போன இடத்துக்குக் கத்தோடிக் புரொடெக்ஷன் என்று இரண்டும் சேர்ந்து காவல் காக்கின்றன. அதிலும் காப்பு மின்சாரத்தைக் கூட்டிவிட்டால், அன்று செம்பின் மேல் ஏறிய அதே காரத்தன்மை பெயின்ட்டுக்கு அடியில் ஏறி, பெயின்ட்டை உரித்துத் தள்ளிவிடும். 200 வருஷத்துக்கு முன்னால் டேவி பார்த்த வெள்ளைப் படிவின் அண்ணன் தம்பிதான் அது!

நாளைக்கு நம்மில் ஒருவன் ஒரு டேங்க்கின் முன்னாலோ, பாலத்துக்கு அடியிலோ நின்று, பெயின்ட் ஏன் உரிந்தது என்று பார்க்க வேண்டி வரும். பெயின்ட் மட்டம், பெயின்டர் சரியில்லை என்று உடனே தீர்ப்புச் சொல்லத் தோன்றும். டேவி அப்படிச் சொல்லவில்லை, காரணத்தைத் தேடினார். அந்த அளவுக்கு அவர் நமக்கு குரு. ஆனால் காரணம் கிடைத்ததுமே வேலை முடிந்தது என்று நினைத்தார். அந்தக் கோட்டிங் அங்கே என்னென்ன வேலை செய்துகொண்டிருந்தது, ஒன்றை நிறுத்தினால் கூடவே எது நிற்கும் என்று கேட்டுவிட்டு மருந்து போட வேண்டும் என்பதைக் கொட்டலசு கற்றுக்கொடுத்தது. அது அவருக்கு ஒரு வாழ்நாள் புகழை விலையாகக் கேட்டது. நமக்கு இலவசமாகவே கிடைக்கிறது. வாங்கி வைத்துக்கொள்வோம்!