யார் இந்த விக்டர் பார்னா? இந்திய டேபிள் டென்னிஸ் கோப்பையில் இவர் பேர் வந்தது எப்படி?

திண்டுக்கல்லில் டேபிள் டென்னிஸ் பழகும் ஒரு பையன், மாவட்டப் போட்டிகளைத் தாண்டி தமிழ்நாடு அணியில் இடம்பிடிக்கிறான்னு வெச்சுக்குவோம். தேசிய சாம்பியன்ஷிப்பில் அந்த அணி மோதப்போவது பார்னா-பெல்லாக் கோப்பைக்காக. ஆண்கள் அணிப் பிரிவின் பாரம்பரியக் கோப்பை இது. பேரைக் கேட்டா நம்ம ஊர் பேர் மாதிரி இல்லையே? ஆமாம், இரண்டுமே ஹங்கேரிக்காரர்களின் பெயர்கள். விக்டர் பார்னா, லாஸ்லோ பெல்லாக் இருவரும் 1930களில் இந்தியாவுக்கு வந்து ஆடிக் காட்டியவர்கள். இதில் பார்னாவின் கதை கொஞ்சம் பெரிய கதை.

பெயரை மாற்றிய சிறுவன்

1911 ஆகஸ்ட் 24 அன்று புடாபெஸ்ட்டில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அவர் பெயர் கியோசோ பிரவுன். யூதர்கள் மீதான வெறுப்பு ஹங்கேரியில் வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. அதனால் பிரவுன், பார்னா ஆனார். கியோசோ என்றால் ஹங்கேரிய மொழியில் வெற்றியாளர் என்று பொருள். விக்டர் என்பதற்கும் அதே பொருள்தான்.

பெயருக்கு ஏற்ற ஆட்டம். 1930, 1932, 1933, 1934, 1935 என ஐந்து முறை ஒற்றையர் உலக சாம்பியன். நடுவில் 1931-ல் மட்டும் கோட்டை விட்டார். அந்த இறுதிப்போட்டியில் இவரை வென்றவர் இவருடைய இரட்டையர் ஜோடியான மிக்லோஷ் ஸபாடோஷ். ஆண்கள் ஒற்றையரில் ஐந்து பட்டம் என்ற சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. மணிக்கட்டைச் சுண்டி பேக்ஹேண்டில் இவர் அடிக்கும் அடிக்கு 'பார்னா ஃபிளிக்' என்றே பெயர் வந்துவிட்டது.

ஒரே விபத்தில் மாறிய வாழ்க்கை

1935 மே மாதம், பிரான்சில் கார் விபத்து. அடிபட்டது மட்டை பிடிக்கும் வலது கை. அறுவை சிகிச்சையில் உள்ளே உலோகத் துண்டு வைத்தார்கள். அப்போது அவருக்கு வயது 23 தான். அதன்பிறகு ஒற்றையர் உலகப் பட்டம் அவருக்குக் கிடைக்கவே இல்லை.

ஆனா ஆட்டத்தை விடவில்லை. 1938-ல் ஹங்கேரி அணியோடு உலகப் பட்டம் வென்றார். 1939-ல் கெய்ரோவில் ரிச்சர்ட் பெர்க்மனோடு சேர்ந்து இரட்டையர் பட்டத்தையும் தட்டினார். பெர்க்மன், நாஜிக்கள் ஆஸ்திரியாவைப் பிடித்ததும் வியன்னாவை விட்டு இங்கிலாந்துக்குத் தப்பி வந்தவர். ஒற்றையர் 5, இரட்டையர் 8, கலப்பு இரட்டையர் 2, அணிப் பட்டம் 7 என பார்னாவின் உலக சாம்பியன்ஷிப் தங்கம் மொத்தம் 22.

புது நாடு, புது சீருடை

இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது பார்னா அமெரிக்காவில் இருந்தார். அங்கேயே பத்திரமாக இருந்திருக்கலாம். ஆனால் மனைவியோடு இங்கிலாந்து திரும்பி பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்தார். பாராசூட் வீரராக யூகோஸ்லாவியாவில் போரிட்டார். அதே போர்க்காலத்தில், 1944-ல், அவர் பிறந்த ஹங்கேரியிலிருந்து 4 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் நாஜி முகாம்களுக்கு ஏற்றி அனுப்பப்பட்டார்கள். புடாபெஸ்ட்டிலேயே இருந்திருந்தால் பார்னாவின் கதி என்ன ஆகியிருக்கும்னு சொல்லத் தேவையில்லை.

போர் முடிந்ததும் லண்டன்தான் அவருக்குச் சொந்த ஊர். இங்கிலாந்து அணிக்காக ஆடினார், பிரிட்டிஷ் குடியுரிமையும் பெற்றார். வயது ஏறியபோது டன்லப் நிறுவனத்தில் வேலை. அவர் பெயர் பொறித்த மட்டைகளை அந்த நிறுவனம் பல நாடுகளில் விற்றது. அந்த வேலையாகப் போன இடத்தில்தான், 1972 பிப்ரவரியில் பெரு நாட்டின் லிமா நகரில், 60 வயதில் இறந்தார்.

ஏன் நினைவில் வைக்கணும்?

பிறந்த நாட்டில் சொந்தப் பெயரோடு வாழ முடியாத மனிதர் அவர். கடைசியில் அவர் வைத்துக்கொண்ட பெயர், எங்கோ இருக்கும் இந்தியாவில் ஒரு கோப்பையில் நிலைத்துவிட்டது. திண்டுக்கல் பையன் ஒருநாள் அந்தக் கோப்பையைத் தூக்கினால், அதில் இருக்கும் பெயருக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது என்பது அவனுக்கும் தெரிந்திருக்கட்டும்.