பார்வை போன பிறகு 10 இலக்க எண்ணை வென்றவர்... யார் இந்த ஆய்லர்?

214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. இந்த எண்ணை 1-ஐயும் இதே எண்ணையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுக்க முடியாது. அதாவது, இது ஒரு பகா எண். கால்குலேட்டரே இல்லாத 1772-ல் இதை நிரூபித்தவர் லியோனார்டு ஆய்லர். அப்போது அவருக்குக் கிட்டத்தட்ட பார்வையே கிடையாது.

யார் இந்த ஆய்லர்?

1707 ஏப்ரல் 15-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் பிறந்தவர். அப்பா பாதிரியார். மகனும் அதே வழியில் வர வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் பையனின் திறமையைக் கவனித்த கணித மேதை யோஹான் பெர்னூலி, அப்பாவிடம் பேசி மனசை மாற்றினார். 1727-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாடமிக்குப் போனார் ஆய்லர். வட்டத்தின் பரப்பளவு கணக்கில் வருமே ‘பை’, அந்தக் குறியீட்டைப் பிரபலமாக்கியவர் இவர்தான்.

அடுத்தடுத்து விழுந்த அடி

30 வயதைத் தாண்டியதும் வலது கண் பார்வை போனது. பிறகு இடது கண்ணில் புரை. 1771-ல் ஆபரேஷன் செய்ததும் பார்வை திரும்பியது. ஆனால் கொஞ்ச நாள்தான், அதுவும் போய்விட்டது. அதே வருஷம் நகரத்தில் பரவிய தீயில் வீடும் எரிந்தது. ஊர்க்காரர் ஒருவர் உள்ளே புகுந்து அவரைத் தூக்கிக்கொண்டு வந்து காப்பாற்றினார்.

அதற்கு அடுத்த வருஷம் வந்ததுதான் இந்த எண்.

எப்படி நிரூபித்தார்?

31 இரண்டுகளைப் பெருக்கி, விடையில் 1-ஐக் கழித்தால் இந்த எண் கிடைக்கும். இது பகா எண் என்று 1644-லேயே மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி பட்டியல் போட்டிருந்தார். ஆனால் நிரூபிக்கவில்லை. அந்தப் பட்டியலில் இருந்த வேறு சில எண்கள் தப்பு என்று பின்னாளில் தெரிந்தது. அதனால், யாராவது கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

சாதாரண வழி என்றால், வர்க்கமூலமான 46,340 வரை உள்ள எல்லா பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அவை 4,700-க்கும் அதிகம்!

ஆய்லர் இங்கேதான் புத்தியைக் காட்டினார். இந்த எண்ணை வகுக்கக்கூடிய பகா எண் ஏதாவது இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 மட்டுமே வர முடியும் என்று கண்டுபிடித்தார். உதாரணமாக, 311 (மீதி 63). இந்த நிபந்தனைக்குள் வருபவை சுமார் 370 எண்கள்தான். அதிலும் பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். எதுவுமே வகுக்கவில்லை. முடிந்தது கதை!

உங்க போனுக்கும் இதுக்கும் என்ன தொடர்பு?

32 பிட் கணக்கில் ஒரு பிட் பிளஸ், மைனஸ் குறிக்குப் போய்விடும். மீதி 31 பிட்டில் எழுத முடிகிற அதிகபட்ச எண் இதுதான். 2014-ல் ‘கங்னம் ஸ்டைல்’ பாட்டின் வியூஸ் இந்த எல்லையைத் தாண்டியதால், யூடியூப் 64 பிட்டுக்கு மாறியது. நேரத்தை 32 பிட்டில் எண்ணும் பழைய கருவிகளுக்கு 2038 ஜனவரி 19-ல் இதே சிக்கல் காத்திருக்கிறது.

கடைசி நாள் வரை...

பார்வை போனபின் ஆய்லரின் வேலை குறையவில்லை. அவர் மனதில் கணக்குப் போட்டுச் சொல்வார், மகனும் உதவியாளர்களும் எழுதிக்கொள்வார்கள். 1783 செப்டம்பர் 18-ல், புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்த யுரேனஸ் கோளின் பாதை பற்றி சக அறிஞருடன் பேசியிருந்த அதே நாளில், மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார். வயது 76.