வீட்டுக்கு வீடு வண்ணப்படம் தந்த ரவிவர்மா

தாமரையில் நிற்கிறாள் லட்சுமி. சிவப்புப் புடவை. பொன் நிறக் கரை. பக்கத்தில் மாலை ஏந்திய யானை.

இந்தப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நெமிலியானாலும் சரி, ஆம்பூரானாலும் சரி, பூஜை அறையிலோ, கடையின் கல்லாப் பெட்டிக்கு மேலேயோ இதைப் போன்ற ஒரு படம் தொங்கும்.

இதை வரைந்தவர் யார்? ராஜா ரவிவர்மா. தெய்வத்தின் படத்தை ஏழை வீட்டுச் சுவருக்கும் கொண்டு வந்தவர் அவர். அதற்காகத் தம் செல்வத்தையும் நிம்மதியையும் பணயம் வைத்தார்.

சுவரில் கரிக்கோடு

ரவிவர்மா 1848-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி, திருவிதாங்கூரில் உள்ள கிளிமானூரில் பிறந்தார். சிறு வயதிலேயே கையில் கரி கிடைத்தால் போதும், வீட்டுச் சுவரெல்லாம் யானையும் குதிரையும்தான்! வேறு வீடாக இருந்தால் முதுகில் அடி விழுந்திருக்கும். அவருடைய தாய்மாமன் ராஜராஜ வர்மா தாமும் சித்திரம் எழுதுகிறவர். பையனின் கைத்திறனைக் கண்டு மகிழ்ந்தார். தாமே பாடம் சொல்லிக் கொடுத்தார்.

ரவிவர்மாவுக்கு 14 வயது ஆனபோது, மாமன் அவரைத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்துப் போனார். மகாராஜா ஆயில்யம் திருநாள் ஆதரவு தந்தார்.

மறைத்த வித்தை

அந்தக் காலத்தில் எண்ணெய் வர்ணம் என்பது நம் நாட்டுக்குப் புதிது. எந்த வர்ணத்தோடு எதைக் கலப்பது? எது சீக்கிரம் காயும்? எது கறுத்துப் போகும்? தெரிந்தவர்கள் மிகச் சிலர். அவர்களும் அதைப் பிறருக்குச் சொல்லவில்லை.

அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் மதுரைக்காரர். அவர் இந்த வித்தையைக் கற்றுத் தர மறுத்துவிட்டார். அவரிடம் உதவியாளராக இருந்த ஆறுமுகம் பிள்ளை இரகசியமாகச் சில நுணுக்கங்களைச் சொல்லிக் கொடுத்ததாகச் சொல்வார்கள்.

1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் வந்தார். அவரும் கற்றுத் தரவில்லை. தாம் வரைவதை நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார்.

ரவிவர்மாவுக்கு அது போதும். கண்ணால் பார்த்ததைக் கையால் செய்து பார்த்தார். கெட்டுப் போனால் மறுபடி கலந்தார். இப்படியே வர்ணம் அவர் வசப்பட்டது.

1873-ல் சென்னைக் கண்காட்சியில் அவருக்கு முதல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் வியன்னாவிலும் பரிசு பெற்றார். 1893-ல் சிகாகோ கண்காட்சிக்கு 10 படங்கள் அனுப்பி, அங்கும் பதக்கம் பெற்றார்.

எந்த நிறத்துக்கு எது ஜோடி?

அவர் படங்களைக் கூர்ந்து பாருங்கள். லட்சுமியின் புடவை சிவப்பு. பின்னால் இருப்பதோ குளத்தின் பசுமை. சிவப்பும் பச்சையும் எதிர் எதிர் நிறங்கள். அதனால்தான் உருவம் தனியே எடுப்பாக நிற்கிறது. இரண்டும் சம பலத்தோடு மோதினால் கண் கூசும். ஆகவே பச்சையை மங்கலாக்கிப் பின்னால் தள்ளிவிட்டார்.

சரஸ்வதிக்கு வெள்ளைப் புடவை. சுற்றிலும் மங்கிய இயற்கைக் காட்சி. நம் கண் நேரே தேவியிடம் போகிறது.

மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் அவருடைய இன்னொரு படம் இருக்கிறது. பதினொரு பெண்கள், ஆளுக்கு ஒரு விதமான உடை. ஆனாலும் சந்தைக் கூட்டம் போல் தோன்றவில்லை. பின்னணியை அடக்கி வைத்து எல்லோரையும் ஒன்று சேர்த்திருக்கிறார்.

ஒரு நிறம் தலைமை தாங்க வேண்டும். மற்றவை துணை நிற்க வேண்டும். தங்க நிறம் கொஞ்சமாக இருந்தால்தான் மின்னும். இதுவே அவர் படங்கள் சொல்லும் பாடம்.

கல்லில் அச்சிட்ட தெய்வம்

பரோடா மகாராஜாவுக்கு அவர் 14 புராணப் படங்கள் வரைந்தார். அவற்றைக் காண ஜனங்கள் திரண்டு வந்தார்கள். ஆனால் ஒரு கையால் எத்தனை படம் வரைய முடியும்? படங்களை அச்சிட்டுப் பரப்பும்படி ஏற்கனவே ஒருவர் யோசனை சொல்லியிருந்தார். அவர் கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த மாதவராவ்.

1894-ல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். ஜெர்மனியிலிருந்து இயந்திரங்கள் வந்தன. நிபுணர்களும் வந்தார்கள்.

வேலை சுலபமல்ல. ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒரு தனிக் கல் வேண்டும். நல்ல படத்துக்குப் பத்துக்கும் மேற்பட்ட கற்கள் தேவைப்படும். ஒரே தாள் எல்லாக் கற்களையும் கடந்து வர வேண்டும். ஒரு கல் மயிரிழை விலகினாலும் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் ஏறிவிடும்!

ஓவியர் தூரிகையால் நூறு சாயல் காட்டலாம். அச்சிலோ கல் கூடக் கூடச் செலவும் கூடும். எந்த நிறம் அவசியம், எதை விடலாம் என்று முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். மஞ்சளின் மேல் நீலம் விழுந்தால் பச்சை கிடைக்கும். இப்படிச் சில வர்ணங்களைக் கொண்டே பல சாயல்களை வரவழைத்தார்கள்.

கடனும் புகழும்

படங்கள் ஊர் ஊராகப் போயின. ஆனால் அச்சகம் நஷ்டத்தில் ஓடியது. பம்பாயில் பிளேக் நோய் பரவியது. 1899-ல் அச்சகத்தை லோனாவாலா அருகே உள்ள மாளவலிக்கு மாற்றினார்கள். கடன் தீரவில்லை. கடைசியில் ஜெர்மானியரான ஷ்லைகரிடம் அதை விற்றுவிட்டார் ரவிவர்மா.

1905-ல் உடன் நின்று உழைத்த தம்பி ராஜராஜ வர்மா காலமானார். 1906 அக்டோபர் 2-ந் தேதி ரவிவர்மாவும் கிளிமானூரில் கண் மூடினார். அச்சகம் பிறகும் பல ஆண்டுகள் நடந்தது. 1972-ல் தீ விபத்தில் அழிந்தது.

அவர் தோற்றாரா? இல்லை.

அப்போது ஜனங்களில் பலருக்குக் கோயிலுக்குள் நுழையவே உரிமை இல்லை. திருவிதாங்கூரில் 1936-ல்தான் கோயில் கதவு எல்லோருக்கும் திறந்தது. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே ரவிவர்மாவின் லட்சுமி அச்சில் ஏறிவிட்டாள். கோயிலுக்குள் போக முடியாதவரும் சில காசு கொடுத்து அவளைத் தம் வீட்டுக்கு அழைத்து வரலாம்.

அவர் காட்டிய வழியில் பிறகு கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்தார். சிவகாசிக் காலண்டர்கள் நாடெங்கும் போயின.

இன்று கல்யாணப் பத்திரிகைக்கும், கடைப் பலகைக்கும், ஆம்பூர்ச் செருப்புப் பெட்டிக்கும் கம்ப்யூட்டரில் நிறம் தேடுகிறோம். இலட்சக் கணக்கான நிறங்கள் கண்முன் நிற்கின்றன. எல்லாவற்றையும் அள்ளிப் பூச ஆசை வரும். அந்த ஆசையை அடக்கி, வேண்டிய மூன்று நான்கை மட்டும் எடுப்பவர் கைதான் நல்ல கை.