வில்லியம் காஸில் சரித்திரச் சுருக்கம்

சினிமாப் படம் பிடிப்பதில் வல்லவராயிருந்தும், பிடித்த படத்தைக் கொட்டகைகளுக்குக் கொண்டு சேர்க்கும் வழியறியாமல் வீடு வாசல் இழந்தோர் எல்லாத் தேசங்களிலும் உண்டு. பெட்டிக்குள் முடங்கிக் கிடக்கும் படச்சுருளால் யாருக்கு என்ன பிரயோஜனம்? அமெரிக்க தேசத்தில் அற்ப முதல் கொண்டு பயங்கரப் படங்கள் எடுத்து, அவற்றை இன்னாருக்கென்று முன்னதாகவே தீர்மானித்து விற்றவர் வில்லியம் காஸில் என்பார். வியாபாரத்தில் புகும் வாலிபர்களையுடைய நம் அங்கத்தினர் குடும்பங்களுக்கு இவர் சரித்திரம் ருசிக்குமெனக் கருதி ஈண்டு வரையலானோம்.

இவர் 1914-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 24-ந் தேதி நியூயார்க் நகரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். குடும்பப் பெயர் ஷ்லாஸ் என்பது. ஜெர்மன் பாஷையில் அதற்குக் கோட்டை என்று பொருள். அதையே ஆங்கிலத்தில் காஸில் என்று மாற்றிக்கொண்டார். பால்யத்திலேயே முதலில் தாயையும், பின்னர்த் தந்தையையும் இழந்து, தமக்கையின் ஆதரவில் வளர்ந்தார். பதின்மூன்றாம் வயதில், பேலா லுகோஸி என்ற பிரபல நடிகர் நடித்த டிராகுலா நாடகத்தைக் கண்டார். அதனைப் பன்முறை சென்று பார்த்தாரென்பதும், அஞ்சி நடுங்கும் ஜனங்களின் முகங்கள் இவர் மனத்தை விட்டகலவில்லையென்பதும் இவரே பின்னாளில் எழுதிவைத்த செய்தி. பள்ளிப் படிப்பை விடுத்து நாடக மேடையில் சிற்றூழியம் புரியத் தொடங்கினார்.

1939-ல் கனெக்டிகட் மாகாணத்தில் ஸ்டோனி கிரீக் என்ற ஊரிலுள்ள நாடகக் கொட்டகையை, ஆர்ஸன் வெல்ஸ் என்பாரிடமிருந்து குத்தகைக்கு எடுத்து நடத்தினார். ஜெர்மனியிலிருந்து வந்திருந்த நடிகை ஒருவரை முக்கிய வேஷத்துக்கு அமர்த்தியிருந்தார். அந்நடிகையை ஹிட்லர் ஆட்சியார் தாய்நாட்டுக்கு அழைத்ததாகவும், அவர் மறுத்ததாகவும் பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுத்தார். பின்னர் ஓரிரவு தாமே கொட்டகைச் சுவர்களில் நாஜிச் சின்னங்களை வரைந்துவிட்டு, பகைவர் வந்து அட்டூழியம் செய்தனரென்று பரப்பினார். டிக்கட்டுகள் விற்றன. ஆயினும் இது பொய்யே. பிறர் உயிரோடு விளையாடிய ஒரு கொடுமையின் பெயரைச் சொல்லிக் காசு பார்த்ததை எவ்வளவு சாதுரியமென்றாலும் நாம் மெச்சுவதற்கில்லை. இவரும் அதைப் பிற்காலத்தில் மறைக்காமல் ஒப்புக்கொண்டார்.

அதன்பின் ஹாலிவுட் சென்று, ஹாரி கோன் என்ற முதலாளியின் கொலம்பியா ஸ்தாபனத்தில் வேலைக்கமர்ந்தார். அக்காலத்தில் அந்நாட்டுக் கொட்டகைகளில் ஒரே டிக்கட்டுக்கு இரண்டு படங்கள் காட்டும் வழக்கமிருந்தது. முதற்படத்துக்கு வசூலில் பங்கு உண்டு; துணைப்படத்துக்கோ பெரும்பாலும் பேசிய வாடகை மாத்திரமே. ஆகவே துணைப்படத்தில் எத்தனை திறமை காட்டினும் அதன் லாபத்துக்கு ஓர் எல்லை முன்கூட்டியே விதிக்கப்பட்டிருந்தது. காஸில் சிறு படங்களைச் சொற்ப நாட்களில் சொற்பச் செலவில் முடிக்கும் பயிற்சியை இங்கே பெற்றார். 1944-ல் மானோகிராம் என்ற சிறு ஸ்தாபனத்தின் மூலம் வெளிவந்த இவரது கொலைக் கதைப் படமொன்றில், பின்னர்ப் பெரும்புகழ் அடைந்த ராபர்ட் மிச்சம் நடித்தார். பிறிதொரு சமயம், தாம் டைரக்ட் செய்யலாமென்று எண்ணி ஒரு நாவலின் உரிமையை வாங்கினார். அது ஆர்ஸன் வெல்ஸின் கைக்குப் போய், லேடி ஃப்ரம் ஷாங்காய் என்ற படமாயிற்று. இவருக்கு அதில் உதவியாளர் ஸ்தானமே கிட்டிற்று. இந்த ஏமாற்றம் இவர் வாழ்வில் இறுதியானதன்று.

1948-ல் அமெரிக்க உயர்நீதி ஸ்தலம், பெரிய படத் தயாரிப்பாளர்கள் கொட்டகைகளையும் தங்கள் கையில் வைத்திருத்தல் கூடாதென்று தீர்ப்பளித்தது. ஏறத்தாழ அதே காலத்தில் டெலிவிஷன் வீடுதோறும் புகலாயிற்று. பெரியவர்கள் மாலையில் வீட்டிலேயே தங்கிவிட்டனர். பெரிய ஸ்தாபனங்கள் படங்களின் தொகையைக் குறைத்தன. கொட்டகைக்காரர்களோ திரைக்குப் படமின்றித் தவித்தனர். அப்படியாயின் கொட்டகைக்கு வருபவர் யார்? வீட்டைவிட்டு வெளியே செல்ல விரும்பும் இளைஞரும், சிறுவரும், மோட்டார் வண்டியிலிருந்தபடியே படம் பார்க்கும் மைதானங்களுக்கு வருவோருமே. இதனைக் கண்டுகொண்டவர் சிலரே. காஸில் அவருள் ஒருவர்.

பிரான்ஸ் தேசத்து கிளூஸோ எடுத்த லே டியபாலிக் என்ற பயங்கரப் படத்தைக் காண்பதற்கு இளைஞர்கள் மழையில் நனைந்தபடி வரிசையில் நின்றனராம். அவ்வரிசையில் தம் மனைவியோடு நின்ற காஸில், படத்தைக் காட்டிலும் அவ்வரிசையையே பாடமாகக் கொண்டார். உடனே ராப் வைட் என்ற எழுத்தாளரைக் கூட்டாளியாகச் சேர்த்து, மக்காபர் என்ற படத்தை எடுக்கத் துணிந்தார். செலவு ஏறக்குறைய 90,000 டாலர். இப்பணத்துக்காகத் தம் குடியிருப்பு வீட்டையே அடமானம் வைத்தார். படம் விலைபோகாவிடில் மனைவி மக்களுடன் தெருவில் நிற்கவேண்டியதே.

எடுத்து முடித்த படமோ நடுத்தரமானது, பெயர்பெற்ற நடிகரில்லை. விநியோகஸ்தர் எதைக் காட்டி அதனைக் கொட்டகைக்காரரிடம் விற்பார்? இங்கேதான் காஸிலின் யுக்தி வேலை செய்தது. படம் பார்க்கையில் பயத்தால் யாரேனும் இறந்தால் 1,000 டாலர் தருவதாக லண்டன் லாயிட்ஸ் ஸ்தாபனத்தாரிடம் இன்ஷ்யூரன்ஸ் ஏற்பாடு செய்து, டிக்கட் வாங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு பத்திரம் அளித்தார். இருதய நோயாளிகளுக்கும் தற்கொலைக்கும் அது செல்லாதென்ற நிபந்தனை வேறு! கொட்டகை வாயிலில் நர்ஸுகள் நின்றனர். வெளியே பிரேத வண்டி நின்றது. சில ஊர்களில் காஸில் தாமே சவப்பெட்டிக்குள்ளிருந்து எழுந்து வந்தார். நம் ஊர்களில் மாட்டு வண்டியில் தம்பட்டமடித்து நோட்டீஸ் வீசிய அந்நாளைய டூரிங் கொட்டகைக்காரர் இதைக் கண்டிருப்பின் சகோதரனெனத் தழுவியிருப்பர்.

படத்தை வாங்கி 1958-ல் வெளியிட்டது அல்லைட் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஸ்தாபனம். பதினான்கு வருஷங்களுக்கு முன் இவரது படத்தை வெளியிட்ட மானோகிராமே பெயர் மாறி அவ்வாறு விளங்கிற்று. பெரிய ஸ்தாபனங்களின் வாயிலிலேயே காத்திராமல், சிறு படங்களையே விற்றுப் பழகியவர்களிடம் சென்றது விவேகமேயாகும். படம் செலவைப் போலப் பன்மடங்கு வசூலித்தது. வீடு தப்பிற்று. இன்ஷ்யூரன்ஸ் பணம் பெறத்தக்கவாறு இறந்தவர் எவருமில்லை.

அடுத்த வருஷம் வந்த ஹவுஸ் ஆன் ஹாண்டட் ஹில் என்ற படத்தில், குறித்த கட்டத்தில் எலும்புக்கூடொன்று ஜனங்களின் தலைக்குமேல் கம்பியில் பறந்து வந்தது. சிறுவர்கள் அஞ்சுவதற்குப் பதில் அதன்மீது கையிலகப்பட்டதை எறிந்து குதூகலித்தனர். பிறகு கொலம்பியாவின் மூலம் வெளிவந்த டிங்க்ளர் படத்துக்குச் சில ஆசனங்களின் அடியில் சிறு மோட்டார்களைப் பொருத்தி, உட்கார்ந்தோரைத் துள்ளச் செய்தார். 1961-ல் வெளிவந்த ஹோமிஸைடல் படத்தின் முடிவுக்குச் சற்று முன்னர்த் திரையில் ஒரு கடிகாரம் தோன்றும். 45 விநாடிகளுக்குள் எழுந்து செல்பவர்க்குப் பணம் வாபஸ். ஜனங்கள் இவரைவிடக் கெட்டிக்காரர். முதற்காட்சியை முழுதும் பார்த்து, இருந்த இடத்திலேயே அடுத்த காட்சிக்கும் அமர்ந்து, கடிகாரம் வந்ததும் எழுந்துபோய்ப் பணம் கேட்டனர்! காட்சிக்கொரு நிறமாக டிக்கட் அச்சிட்டு அதனைத் தடுத்தார். அதன்பின்னும் கேட்டவர்களைக் கோழைகளின் மூலை என்ற மஞ்சள் கூண்டுக்குள் எல்லோரும் காண நிறுத்திவைத்தார்.

இவ்வுபாயங்களைச் சிலர் வெறும் கோமாளித்தனமென்பர். எம் கருத்து வேறு. கொட்டகைக்காரனுக்கு வேண்டுவது, வீதியில் செல்வோனிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லத்தக்க ஒரு சேதி. அச்சேதியைப் படத்தோடு சேர்த்து விற்றவர் இவர். மலிவான பயங்கரப் படங்கள் ஈட்டிய பணத்தைக் கண்டே ஹிட்ச்காக் போன்ற மேதையும் 1960-ல் சைக்கோ என்ற படத்தைச் சிக்கனமாக எடுத்து, படம் தொடங்கியபின் எவரையும் உள்ளே விடலாகாதென்று விதி செய்தார். பின்னர் ஹோமிஸைடலில் சைக்கோவை இவர் பின்பற்றியதும் யாவரும் அறிந்ததே.

ஆனால் தந்திரக்காரர் என்ற பெயர் இவருக்கு ஒரு விலங்காகவும் ஆயிற்று. ஐரா லெவின் எழுதிய ரோஸ்மேரீஸ் பேபி நாவலை, அது வெளிவருமுன்பே படித்து, அதன் அருமையை உணர்ந்து உரிமையைப் பெற்றார். அதைத் தாமே டைரக்ட் செய்து பெரிய கலைஞரென்ற மதிப்பை அடையவேண்டுமென்பது இவரது பெருவிருப்பம். பாரமௌண்ட் ஸ்தாபனத்தாரோ, போலந்திலிருந்து வந்த ரோமன் போலன்ஸ்கி டைரக்ட் செய்வதாயின் படத்தை எடுப்போமென்றனர். காஸில் இணங்கித் தயாரிப்பாளராக நின்றார். டெலிபோன் கூண்டருகே நிற்கும் மனிதராகச் சில நொடிகள் திரையில் தோன்றினார். 1968-ல் வெளிவந்த அப்படம் பெரும்புகழ் பெற்றது. அதில் நடித்த ரூத் கார்டன் ஆஸ்கார் பரிசும் பெற்றார். தாம் கண்டெடுத்த மணியைப் பிறர் பட்டை தீட்ட விட்டுக் கொடுத்தது இவருக்கு வருத்தமே. படம் வெளிவந்தபின் வசைக் கடிதங்கள் வந்து குவிந்தன. கடும் சிறுநீரக உபாதையால் ஆஸ்பத்திரியிலும் கிடந்தார்.

தேறியபின் மீண்டும் தம் பழைய வழிக்கே வந்தார். 1975-ல் இவர் தயாரித்த பக் என்ற பூச்சிப் படத்துக்காக, அதில் நடித்த ஒரு கரப்பான் பூச்சியின் பெயரில் பத்து லட்சம் டாலருக்கு இன்ஷ்யூரன்ஸ் எடுத்தார். அடுத்த வருஷம் தம் சுயசரிதத்தை வெளியிட்டார். 1977-ம் வருஷம் மே மாதம் 31-ந் தேதி, லாஸ் ஏஞ்சலீஸ் நகரில், மாரடைப்பால் தமது அறுபத்துமூன்றாம் வயதில் காலஞ்சென்றார்.