புகழை விற்க மறுத்த விவசாயி: சார்ஜண்ட் ஆல்வின் யோர்க்

முதல் உலகப் போரின் மிகப் பெரிய வீரர்களில் ஒருவர் என்று அமெரிக்கா கொண்டாடிய ஆல்வின் யோர்க், மொத்தமாகப் பள்ளிக்குச் சென்றது சுமார் ஒன்பது மாதங்கள்தான். அந்தக் குறை அவர் மனத்தில் கடைசிவரை இருந்தது.

டென்னசி மாநிலத்தின் மலைப்பகுதியில் உள்ள பால் மால் கிராமத்தில் 1887 டிசம்பர் 13ஆம் தேதி பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் மூன்றாமவர். தந்தை விவசாயத்தோடு கொல்லுப் பட்டறையும் நடத்தினார். 1911ல் தந்தை காலமானபோது மூத்தவர்கள் இருவரும் மணமாகி வெளியூர் சென்றுவிட்டதால், தாயையும் தம்பி தங்கைகளையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இவருக்கு வந்தது.

இளமையில் குடியும் அடிதடியுமாகத் திரிந்தவர், பின்னர் தீவிர கிறிஸ்துவ பக்தரானார். 1917ல் ராணுவ அழைப்பு வந்தபோது, உயிரைக் கொல்வது பாவம் என்று கூறி விலக்கு கேட்டார். கிடைக்கவில்லை. பயிற்சி முகாமில் அதிகாரிகள் பைபிளைக் கொண்டே அவருடன் விவாதித்தனர். விடுப்பில் ஊருக்குச் சென்று யோசித்தவர், போருக்குப் போவதென முடிவு செய்து திரும்பினார்.

1918 அக்டோபர் 8ஆம் தேதி, பிரான்சின் ஆர்கோன் காட்டில் 17 பேர் கொண்ட அமெரிக்கக் குழு ஒன்று ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கிகளிடம் சிக்கியது. அறுவர் மாண்டனர், மூவர் காயமடைந்தனர். பொறுப்பேற்ற யோர்க், வேட்டையில் பழகிய குறி தப்பாத கையால் எதிரிகளை வீழ்த்தினார். மிஞ்சிய தோழர்களுடன் 132 பேரைச் சிறைபிடித்து வந்தார். நாட்டின் மிக உயரிய மெடல் ஆஃப் ஹானர் விருது அவரைத் தேடி வந்தது.

நாடு திரும்பியதும் விளம்பரம், மேடை, சினிமா என்று பணம் வரும் வழிகள் திறந்தன. அத்தனையையும் மறுத்து ஊருக்குப் போனார். 1919 ஜூன் 7ஆம் தேதி, காத்திருந்த கிரேஸி வில்லியம்சை மணந்தார். மீண்டும் ஏர் பிடித்தார். பிள்ளைகள் பலருக்கு அமெரிக்க வரலாற்று நாயகர்களின் பெயர்களைச் சூட்டினார்.

ஊர்ப் பிள்ளைகளும் தம்மைப்போல் ஆகிவிடக்கூடாது என்பதே அவருடைய கவலை. ஊர் ஊராகப் பேசி நிதி திரட்டி, ஜேம்ஸ்டவுனில் யோர்க் கல்விக்கூடத்தை உருவாக்கினார். ஆசிரியர் சம்பளத்துக்கும் மாணவர் போக்குவரத்துக்கும் பணம் போதாதபோது தம் நிலத்தையே அடகு வைத்தார். 1937ல் அரசு அப்பள்ளியின் பொறுப்பை ஏற்றது.

சினிமாவுக்கு அவர் பின்னாளில் சம்மதித்ததும் ஒரு பைபிள் பள்ளி கட்டுவதற்காகத்தான். 1941ல் வெளியான அப்படத்தில் யோர்க்காக நடித்த கேரி கூப்பருக்கு ஆஸ்கார் கிடைத்தது. யோர்க்குக்கோ அந்த வருமானத்தால் வரிப் பிரச்சினைதான் மிஞ்சியது. 1954ல் பக்கவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. 1961ல் பொதுமக்கள் தந்த நன்கொடையில்தான் வரிப் பாக்கி தீர்ந்தது.

1964 செப்டம்பர் 2ஆம் தேதி, 76ஆவது வயதில் காலமானார். பால் மால் மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் நிலத்தை அடகு வைத்துக் காப்பாற்றிய பள்ளியில் அந்த மலைக்கிராமப் பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள்.